கேட்காமல் விட்ட செடி

ஐரோப்பாவின் வடகோடி நாடுகளின் பழைய புராணத்தை இந்தக் காலத்துப் பேச்சில் திருப்பிச் சொல்லும் புத்தகம் அது. பெரியவள் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்து வந்து, இரண்டே நாளில் படித்து முடித்திருந்தாள். பத்து வயதுக்கு இதெல்லாம் சரிதானா என்று பார்க்கத்தான் சனிக்கிழமை மதியம் எடுத்தேன். மடிக்க வேண்டிய துணிக்குவியலில் சாய்ந்தபடியே ஐம்பது பக்கம் போய்விட்டது. பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. ஆனால் கடவுள்கள் கல்யாண வீட்டில் கூடிய சொந்தக்காரர்கள் மாதிரி அடித்துக்கொண்டார்கள். சிரித்துக்கொண்டே படித்தேன்.

பிறகு அந்த அம்மா வந்தாள். மகனுக்குச் சாவுக் கனவு வந்ததும் உலகம் முழுக்க அலைந்து, நெருப்பு, இரும்பு, கல், விஷம் எல்லாவற்றிடமும் அவனை ஒன்றும் செய்ய மாட்டோம் என்று சத்தியம் வாங்குகிறாள். எனக்கு அவளை உடனே பிடித்துவிட்டது. நானும் அந்தக் கேஸ்தான். பெரியவளுக்கு நிலக்கடலை ஆகாது. நாலு வயதில் கடலை மிட்டாயில் ஒரே ஒரு கடிக்கு உதடு வீங்கி, மூச்சு விசிலடித்து, பிழைத்ததே பெரும்பாடு. அன்றிலிருந்து டீச்சர், வேன் டிரைவர், பக்கத்து வீடு, நாத்தனார் என்று ஒருவர் விடாமல் "தர மாட்டேன்" என்று வாயால் சொல்ல வைத்திருக்கிறேன். தலையாட்டினால் ஒப்புக்கொள்வதில்லை. "நீ போலீஸ்ல சேர்ந்திருக்கலாம்" என்பார் வீட்டுக்காரர்.

பக்கத்தைத் திருப்பினேன். ஒரே ஒரு செடியை அவள் விட்டுவிட்டாளாம். மரத்தில் ஒட்டி வளரும் குட்டிச் செடி. பச்சைப்பிள்ளையிடம் போய் என்ன சத்தியம் என்று நினைத்தாளாம். வேண்டாதவன் ஒருவன் அதையே ஆயுதமாக்கி, அந்த மகனின் கண் தெரியாத சகோதரன் கையில் கொடுக்கிறான். எது பட்டாலும் காயமில்லை என்று எல்லாரும் மகன்மேல் எறிந்து விளையாடும்போது, அவனும் விளையாட்டு என்று நினைத்து எறிகிறான். மகன் செத்து விழுகிறான்.

புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தேன். நான் யாரை விட்டேன்?

எதிரே ஆணியில் சின்னவளின் பை தொங்கியது. அவளுக்கு மூன்று வயது. நேற்று அவள் வகுப்பில் யாருக்கோ பிறந்தநாள். பெரியவளின் பையைத் தினமும் கவிழ்த்துக் கொட்டிப் பார்க்கிற நான், இதைத் திறந்ததே இல்லை. ஜிப் திறந்து கிடந்தது. உள்ளே பிஸ்கட் உறை, காலி. பின்பக்கத்துப் பொடி எழுத்தில் நிலக்கடலை என்று இருந்தது.

கடலை உள்ளே போய்விட்டால் உடனே தொடையில் குத்த வேண்டிய ஊசி இருக்கும் கைப்பையோடு அடுத்த அறைக்கு ஓடினேன். பெரியவள் தரையில் மல்லாந்து, கண் மூடி, வாய் லேசாகத் திறந்து கிடந்தாள். சுற்றிலும் தலையணை, பொம்மை, செருப்பு, எல்லாம் அவள்மேல் எறிந்து முடித்தவை. தலைமாட்டில் சின்னவள் கையை இறுக்கி மூடி உட்கார்ந்திருந்தாள்.

"கையில என்னடி?"

"மருந்து. அக்கா வாயில கொஞ்சம் வெச்சேன்."

பெரியவளை உலுக்கினேன். தலை நான் தள்ளிய பக்கம் சாய்ந்தது. செத்த மாதிரி படுப்பதில் அவள் கெட்டிக்காரி, கிச்சுகிச்சு மூட்டினாலும் அசைய மாட்டாள். உதடு வீங்கியிருக்கிறதா, எப்போதும் இப்படித்தானா? பெற்ற எனக்கே தெரியவில்லை.

"போதும்டா, கண்ணத் தெற. அம்மாவுக்குப் பயமா இருக்கு."

"அப்படில்லாம் எந்திரிக்க மாட்டா. எல்லாரும் அழுதாத்தான் எந்திரிப்பா. அந்தக் கதைல அப்படித்தானாம், அக்கா சொன்னா" என்றாள் சின்னவள்.

நான் அழுதுகொண்டுதான் இருந்தேன். என் முகத்தைப் பார்த்து அவளும் உதட்டைப் பிதுக்கி, நிஜமாகவே ஓவென்று அழ ஆரம்பித்தாள். ஒரு கையில் மூடி கழற்றிய ஊசியைப் பிடித்தபடி, மறு கையால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு, பெரியவளின் மார்பில் காதை வைத்தேன்.