முதலாளியம்மாவுக்கும் ஓர் ஒப்பந்தம்

மதிய வியாபாரம் ஓய்ந்திருந்தது. பரிமாறுகிற இருவருக்கும் வேலை ஒப்பந்தம் எழுத, ஓட்டல்காரர் தன் மச்சினியையே கூப்பிட்டிருந்தார். வீட்டிலேயே வக்கீல் இருக்கும்போது வெளியாளிடம் பணம் அழ அவருக்கென்ன பைத்தியமா? தங்கை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவதை, மேசை துடைத்தபடியே அவர் மனைவியான அக்கா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவர் சொந்தமாக எழுதிவைத்திருந்த நகல் ஒரே கூத்து. தட்டு உடைந்தால் சம்பளத்தில் பிடித்தம். எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். சிரித்த முகம் கட்டாயம்.

“மாமா, இதைக் கோர்ட்ல நீட்டினா ஜட்ஜுக்குத்தான் சிரிச்ச முகம்,” என்று தங்கை மொத்தத்தையும் அடித்தாள். வேலை நேரம், இடைவேளை, வாரம் ஒருநாள் விடுப்பு, டிப்ஸ் வாங்கியவருக்கே, நீக்கினாலும் விலகினாலும் ஒரு மாத நோட்டீஸ் என்று ஒழுங்காக எழுதினாள். அவர் முனகிக்கொண்டே தலையாட்டினார். மனுஷர் கஞ்சனே தவிரக் கெட்டவரில்லை.

வாரம் ஒருநாள் விடுப்பு! துடைத்த கை அப்படியே நின்றது. கல்யாணமான மறுமாதம் கட்டிய ஏப்ரன். காய்ச்சலில் படுத்தால்தான் அவிழ்ப்பாள். அம்மாவைப் பார்க்கப் போனாலும் மதியக் கூட்டத்துக்குள் ஓடிவர வேண்டும். அவளுக்கு ஆத்திரமும் ஆசையும் ஒன்றாகப் பொங்கின.

“எனக்கும் ஒண்ணு எழுதுடி.”

கணவர் சிரித்தார். “உனக்கெதுக்கும்மா? நீதானே முதலாளியம்மா!”

“முதலாளியம்மாவுக்கு எந்தக் கிழமைங்க லீவு?”

மனிதர் கல்லாவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். பரிமாறுகிற இருவரும் ஏதோ எடுக்கிற சாக்கில் சமையலறைக்குள் நழுவினார்கள்.

“தட்டு தூக்கறவங்களுக்கு எழுதறதுதான் என் வேலை, மாமா,” என்றாள் தங்கை. “சொந்தபந்தம் பார்த்து எழுதினா அது ஒப்பந்தமில்லே, கல்யாணப் பத்திரிகை.”

செவ்வாய்க்கிழமை விடுப்பு என்று முடிவாயிற்று. கையெழுத்துப் போடப் போனவர் கடைசிப் பத்திக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிவிட்டார்.

“நோட்டீஸ் குடுத்துட்டு நீயும் போயிடலாம்னு இருக்கே!”

“ஆமாங்க.”

“போயிடுவியா?” விளையாட்டாகத்தான் கேட்டார், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது.

அவளுக்கு மனம் இளகியது. இருந்தாலும் விடவில்லை.

“போகமாட்டேன். ஆனா போக வழியில்லாம இருக்கறதும், வழி இருந்தும் போகாம இருக்கறதும் ஒண்ணாங்க?”

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். வழக்கமான கிறுக்கலை விட்டு, முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதினார். பிறகு தயங்கியபடி, “செவ்வாய்க்கிழமை எங்கே போவே? நானும் வரட்டுமா?” என்று கேட்டார்.

“நல்லா இருக்கே! கடையை யாருங்க பார்த்துக்கறது?” என்றாள் அவள்.