தாண்டவராயன் விரலில் ஏறிய வரி

வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வு நெறியாளரின் கையெழுத்து விழாவிட்டால் அம்சவள்ளிக்கு ஒரு வருஷம் போச்சு. எம்.ஃபில். ஆய்வேட்டை நேரத்தோடு கொடுத்தால்தான் கல்லூரியில் காலியாகும் விரிவுரையாளர் வேலைக்கு அவள் மனுப் போட முடியும்.

விழுப்புரம் வட்டாரத்து நிலக்கடலை விலைதான் தலைப்பு. முதல் தடவை ஒரு புத்தகத்திலிருந்து பத்தி பத்தியாக எடுத்தெழுதிக்கொண்டு திண்டிவனம் போனாள். ஆய்வு நெறியாளர் கோதண்டபாணி ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார்.

“‘களஞ்சிய வசதியின்மையே அறுவடைக்கால விலைச் சரிவின் தலையாய காரணியாகத் திகழ்கிறது.’ ஏம்மா, நீ வீட்ல இப்படித்தான் பேசுவியா?”

“இல்லீங்க சார்.”

“அப்ப இங்க பேசறது புத்தகக்காரன். அவன் சொன்னத உன் வார்த்தையில சொல்லிட்டு, கீழ அவன் பேரப் போடு.”

அம்சவள்ளி அகராதியோடு மல்லுக்கட்டினாள். ‘பண்டகசாலை வாய்ப்பின்மையே அறுப்புக்கால விலை வீழ்ச்சியின் முதன்மை ஏதுவாக விளங்குகிறது’ என்று மாற்றிக்கொண்டு போய் நீட்டினாள்.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். “அதே ஆளுக்கு வேற சட்டைய மாட்டிக் கூட்டியாந்திருக்கிற. புத்தகத்த மூடு. என்ன புரிஞ்சிதோ அத எழுது.”

மயிலத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்து புத்தகத்தை மூடினாள். ஒன்றுமே வரவில்லை. புரிந்தால்தானே வரும்! திறந்தாள், படித்தாள், மறுபடி மூடினாள். மூன்று நாள் மூடித் திறந்தபின் ஒரு வரி தானாக வந்தது: ‘மூட்டையை வைக்க இடமில்லாததால் எல்லோரும் ஒரே வாரத்தில் சந்தைக்கு ஓடுகிறார்கள், விலை படுத்துவிடுகிறது.’ கீழே புத்தகத்தின் பெயரைப் போட்டாள். மற்ற பத்திகளும் அப்படியே மடமடவென்று வந்தன.

கையெழுத்துப் பிரதி விழுப்புரம் பஸ் ஸ்டாண்டு எதிரே தட்டச்சு செய்யும் தாண்டவராயனிடம் போனது. அந்தப் பக்கத்து ஆய்வேடுகளெல்லாம் அவர் விரல் வழியாகத்தான் உலகத்துக்கு வரும். பஸ்களை வேடிக்கை பார்த்துக்கொண்டே அடிப்பார்.

வியாழக்கிழமை காலை, அடித்த தாள்களைப் பிரித்துப் பார்க்காமல் வாங்கிக்கொண்டு திண்டிவனத்துக்கு ஓடினாள். கோதண்டபாணி படித்தார். முகம் சிவந்தது.

“மறுபடியும் களஞ்சியமா!”

“சார், சத்தியமா இத நான் எழுதலீங்க!”

“அதத்தாம்மா நானும் சொல்லிக்கினு இருக்கேன்!”

அடுத்த பஸ்ஸில் விழுப்புரம் திரும்பினாள். தாண்டவராயன் அசரவில்லை.

“அந்த வரியா? நிலக்கடலைன்னு பாத்தாலே விரலு தானா ஓடும்மா. எத்தினி பேருக்கு அடிச்சிருக்கேன்! நீ என்னமோ தப்பா எழுதிக்கினு வந்திருந்த. திருத்திட்டேன்.”

“தப்பில்லண்ணே, அதுதான் என்னோடது!”

கையெழுத்துப் பிரதியைப் பிடுங்கி, ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளே வாசிக்க ஆரம்பித்தாள். “நிலக்கடலை...” என்றதுமே அவர் விரல்கள் நாலு கால் பாய்ச்சலில் கிளம்பின.

“கைய எடுங்க! நான் சொல்றத மட்டும் அடிங்க. மூட்டையை வைக்க இடமில்லாததால்...”

அடித்துக்கொண்டே வந்தவர் பாதியில் நின்றார். “அட, ஒரே வாரத்துல எல்லாரும் ஓடுனா எவன் விலை குடுப்பான்? இதான் அந்தக் களஞ்சியமா? இத்தினி வருசமா ஏதோ கோயில் விஷயம்னு நெனச்சிக்கினு இருந்தேன்!”

“ஜல்தியா அடிங்கண்ணே, நாளைக்குக் கடைசி நாளு.”

வெள்ளிக்கிழமை கோதண்டபாணி இரண்டு முறை படித்தார். “இப்பதாம்மா நீ பேசற” என்று கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம், வேலைக்கான மனுவை அடித்து வாங்க அம்சவள்ளி விழுப்புரம் போனாள். தாண்டவராயன் கண்டமங்கலம் பஸ்ஸைப் பார்த்தபடி அடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் வேறொரு கல்லூரி மாணவன் சவுரிராயன் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மெஷினில் இருந்த தாளை எட்டிப் பார்த்தாள். ‘மூட்டையை வைக்க இடமில்லாததால்...’

“அண்ணே!”

“இன்னாம்மா பண்றது? புதுசு ஏறிடுச்சி, பழசு வரமாட்டேங்குது.”

“நான் களஞ்சியம்னுதாங்க எழுதியாந்தேன்” என்றான் சவுரிராயன் பரிதாபமாக. “ஆனா இது புரியுதுங்க. இருந்துட்டுப் போவட்டுமே?”

அம்சவள்ளி யோசித்தாள்.

“இருக்கட்டும். ஆனா கீழ என் பேரு வரணும்.”

தாண்டவராயன் உருளையைத் திருப்பித் தாளின் அடிக்குக் கொண்டுபோனார்.

“இனிஷியல் இன்னாம்மா?”

“சு. அப்பா பேரு சுப்பராயலு” என்றவள், பெயர் முழுக்க விழும்வரை அவர் விரல்களை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.