நோயாளியின் அறை: பாடமும் செய்முறையும்

கரண்டி உதட்டில் பட்டதும் தாத்தா வாயை மூடிக்கொண்டார். சும்மா மூடவில்லை, கடையடைப்பு நாளில் ஷட்டரை இறக்கிப் பூட்டும் போட்ட மாதிரி மூடினார். பேத்தி ஆஸ்பத்திரியில் நர்ஸ். எத்தனையோ கல்லுளிமங்கன்களை மாத்திரை விழுங்க வைத்தவள். கெஞ்சிப் பார்த்தாள், கன்னத்தை லேசாக அழுத்திப் பார்த்தாள், "இது தண்ணி இல்ல தாத்தா, மருந்து" என்று பொய்யும் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் மோவாயில் வழிந்து கழுத்துச் சுருக்கங்களில் இறங்கிச் சட்டைக் காலரை நனைத்தது. அவர் கண்ணைத் திறக்காமலேயே, "காலரைத் தொடச்சிடு பாப்பா, கறையாயிடும்" என்றார். தண்ணீரில் ஏது கறை? ஆனால் வாய் திறந்ததே என்று அவசரமாகக் கரண்டியை நீட்டினாள். அதற்குள் ஷட்டர் இறங்கிவிட்டது.

காய்ச்சல் வந்தால் தாத்தா தண்ணீர் குடிக்கமாட்டார் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். சிலருக்குப் பூனை ஆகாது, சிலருக்கு முட்டை ஆகாது, இவருக்குக் காய்ச்சலில் தண்ணீர் ஆகாது என்று அதை அப்படியே விட்டுவிட்டார்கள். உடம்பில் வலு இருந்த காலத்தில் இரண்டு நாள் உதட்டில் ஈரத்துணியை வைத்துக்கொண்டு கிடப்பார், மூன்றாம் நாள் எழுந்து ஜன்னல் கண்ணாடி துடைக்கப் போய்விடுவார். இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. சிறுநீரில் கிருமி, அதனால் காய்ச்சல். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் கையில் ஊசி ஏற்றி பாட்டிலைத் தொங்கவிட்டுப் போனார். அவர் படி இறங்குவதற்குள் தாத்தா அதைப் பிடுங்கி எறிந்துவிட்டார். இன்று சாயங்காலத்துக்குள் வாய் வழியாக ஏதாவது உள்ளே போகவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆஸ்பத்திரி என்றால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஊசியைப் பிடுங்குகிறவர்களின் கையைக் கட்டில் கம்பியோடு கட்டிப்போடுவார்கள். அவளே எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறாள், வலிக்காமல் எப்படி முடிச்சுப் போடுவது என்று புதிதாக வந்த பெண்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறாள். போன தடவை தாத்தாவையும் கட்டினார்கள். கட்டவிழ்த்து வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று, மணிக்கட்டைத் தடவியபடி, "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். இனி அப்படி விடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்தாள். ஆளைத் தண்ணீரில்லாமல் சாகவும் விட முடியாது, கையைக் கட்டவும் விட முடியாது. லீவு போட்டுவிட்டு, அவர் கட்டிலுக்கு எதிரே ஒரு மடக்குக் கட்டிலை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மாமா, அம்மாவின் தம்பி, காலையில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன டாக்டரம்மா, உன் வைத்தியம் பலிக்கல போலிருக்கே."

"சாயங்காலம் வரைக்கும் டைம் குடுங்க மாமா."

"சாயங்காலம் காரோட வர்றேன். கையக் கட்டினா கட்டிட்டுப் போறாங்க. ஆளு இருக்கணும்ல?" என்று சொல்லிவிட்டு, யாரும் கூப்பிடாத செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனார். அழுகிற முகத்தை அவர் யாருக்கும் காட்டுவதில்லை.

அம்மாவுக்கோ தன் அப்பா மேல் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்களுக்குக் காய்ச்சல்னா மட்டும் சொம்பு சொம்பா வாயில ஊத்துவாரு. போதும்பான்னு அழுதாலும் விடமாட்டாரு. தனக்குன்னு வந்தா இந்த அழிச்சாட்டியம்." சொல்லிக்கொண்டே துவைத்த துணிகளை மடித்தாள். சட்டைக் கையைப் பின்பக்கமாக மடக்கி, காலரை நிமிர்த்தி, அப்பா சொல்லிக்கொடுத்த முறைப்படியே மடித்தாள். கோபமாக இருக்கும்போதுகூட அந்த வீட்டில் யாருக்கும் வேறு மாதிரி மடிக்க வராது.

எல்லாம் அந்த நோட்டுப் புத்தகத்தால் வந்தது. சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் எப்போதும் இருக்கும். வீட்டில் அதற்குச் 'சட்டப்புத்தகம்' என்று பெயர். தாத்தாவின் மனையியல் நோட்டு. அந்தக் காலத்தில் மனையியல் என்றால் பெண்பிள்ளைகள் பாடம்தான். ஆனால் தாத்தா படித்தது அனாதைப் பையன்களின் விடுதிப் பள்ளி. வீடே இல்லாத பையன்களுக்கு வீடு நடத்தக் கற்றுக்கொடுத்தால் என்ன என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். மைதானத்தின் கோடியில் இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாக மாதிரி வீடு ஒன்று கட்டினார்கள். வாரத்துக்குச் சில பையன்கள் அதில் குடித்தனம் நடத்தவேண்டும். ஒருவன் அப்பா, ஒருவன் அம்மா, மற்றவர்கள் பிள்ளைகள். அடுத்த வாரம் முறை மாறும். டீச்சர் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவார், நாற்காலியில் விரலால் தூசி பார்ப்பார், மார்க் போடுவார். மீசை முளைக்காத அப்பாவும் அரைக்கால் சட்டை போட்ட அம்மாவும் கைகட்டி நிற்பார்கள். இதையெல்லாம் தாத்தா சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்.

மைக்கறைக்கு எலுமிச்சையும் உப்பும், கண்ணாடிக்கு ஈரச் செய்தித்தாள், முட்டையைத் தண்ணீரில் போட்டு மிதக்கிறதா என்று பார்ப்பது, வெள்ளைத் துணியைத் தனியாகப் பிரிப்பது, மெத்தையை வெயிலில் காயவைத்துத் திருப்பிப் போடுவது. இந்த வீடு முழுக்க அந்த நோட்டின்படிதான் நடந்தது. எல்லார் வீட்டிலும் இப்படித்தான் என்று அம்மா கல்யாணமாகிப் போகும்வரை நினைத்துக்கொண்டிருந்தாளாம். பேத்தி நர்ஸிங் சேர்ந்த முதல் நாள், படுக்கை விரிப்பின் மூலையைக் கடித உறைபோல மடித்துச் செருகுவதைக் கேட்காமலேயே செய்து காட்டினாள். "வீட்ல யாராவது நர்ஸா?" என்று ஆசிரியை கேட்டதற்கு, "இல்ல மேடம், தாத்தா" என்றாள். வகுப்பே சிரித்தது.

அந்த மூலை மடிப்புதான் இந்த இரண்டு நாளாக அவளைக் கொஞ்சம் பயமுறுத்தியது. எழுந்ததும் தன் மடக்குக் கட்டிலின் விரிப்பை இழுத்துச் செருகிவிடுவாள். பல் தேய்த்துவிட்டு வந்தால் கால்மாட்டில் விரிப்பு பிதுங்கிக் கிடக்கும், யாரோ காலால் உதைத்துத் தள்ளியது போல. தாத்தாதான் எழுந்து கலைத்திருப்பார் என்று அம்மா சொன்னாள். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் தாத்தாவால் எழுந்து நிற்கவே முடியாது. அவள் படுத்திருக்கும்போது தாத்தா அந்தக் கட்டிலைப் பார்ப்பதில்லை. கட்டில் காலியாக இருக்கும்போதுதான் பார்ப்பார். அதுவும் தலையணையை இல்லை, தலையணைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு சின்னப் பையனின் முகம் இருக்கக்கூடிய இடத்தை. அங்கே படுத்து எழும்போதெல்லாம் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எவ்வளவு குடித்துவிட்டுப் படுத்தாலும் ஒட்டிக்கொண்டது.

மத்தியானம் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தண்ணீர் என்றால்தானே மறுக்கிறார், அவருடைய நோட்டில் உள்ளபடியே நோயாளிக் கஞ்சி வைத்துக் கொடுத்தால்? சட்டப்புத்தகத்தை அவர் மீறியதே இல்லையே. நோட்டை எடுத்து மேசையில் வைத்துப் புரட்டினாள். கறைப் பக்கங்களும் சமையல் பக்கங்களும் எண்ணெய்க் கை பட்டுப் பட்டுக் கண்ணாடித் தாளாகியிருந்தன. அதற்கப்புறம் வந்த பக்கங்கள் புதுசாக இருந்தன, யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை. 'நோயாளியின் அறை: பாடமும் செய்முறையும்' என்று தலைப்புப் போட்டு அடிக்கோடு இழுத்திருந்தது. அறையில் காற்றோட்டம் வேண்டும். நோயாளியிடம் மெல்லிய குரலில் பேசவேண்டும். படுக்கையில் சுருக்கம் இருக்கக்கூடாது. எல்லாம் அவளும் படித்ததுதான், தலையாட்டிக்கொண்டே வந்தாள். அப்புறம் ஒரு வரி வந்தது.

'காய்ச்சல் இறங்கும்வரை நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கலாகாது. எவ்வளவு கேட்டாலும் இரங்கலாகாது. ஈரத்துணியால் உதட்டை நனைத்தால் போதும்.'

கீழே செய்முறை வாரத்தின் முறைகள். 'தாய்: நான். நோயாளியாக நடிப்பவன்: சின்னவன்.' ஓரத்தில் சிவப்பு மையில் டீச்சரின் 'நன்று'. பக்கத்தைத் திருப்பினாள். 'கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவும் முறை' என்று அடுத்த பாடம், அதே அழகான கையெழுத்தில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் ஆரம்பித்தது.

அந்தக் காலத்தில் அப்படி நம்பினார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் நோட்டில் உள்ள அத்தனையையும் வீட்டில் எல்லாருக்கும் செய்த மனிதர் இந்த ஒரு வரியை மட்டும் யாருக்கும் செய்யவில்லை. பிள்ளைகளுக்குச் சொம்பு சொம்பாக ஊற்றினார். பேத்திக்கும் ஊற்றினார், மூச்சு முட்டக் குடித்துவிட்டு அவர் மடியிலேயே வாந்தி எடுத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த வரியைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டார். கஞ்சி வைக்கவில்லை. போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, சின்னவன் யாரு?"

கண்ணைத் திறந்தார். அவளைப் பார்க்காமல் எதிர்க் கட்டிலைப் பார்த்தார். "மெதுவாப் பேசு. இப்பத்தான் கண்ணசந்தான்."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை.

"நோயாளியா நடிச்சானா?"

"நடிக்கத்தான் படுக்க வெச்சோம். தொட்டேன், சுட்டுது. நடிக்கிறவனுக்கு எப்படிச் சுடும்? டீச்சர்கிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன். வந்து தொட்டுப் பார்த்தாங்க. டாக்டருக்குச் சொல்லி அனுப்பறேன், அதுவரைக்கும் பாடத்துல இருக்கற மாதிரியே கவனிச்சுக்கோ, நீதானே அம்மான்னாங்க." நாக்கு வறண்டு ஒவ்வொரு வார்த்தையும் ஒட்டி ஒட்டி வந்தது. "அம்மா தண்ணி, அம்மா தண்ணின்னு கேட்டான். என்னைத்தான். நான் அம்மா முறைல இருந்தேன்ல? பசங்க சிரிச்சாங்க, நல்லா நடிக்கிறான்னு. நான் துணிய நனைச்சு உதட்டுல வெச்சேன். துணிய சப்பினான் பாப்பா. விடமாட்டேன்னு பல்லால பிடிச்சுக்கிட்டான். நான் இழுத்தேன்."

"அப்புறம்?"

"டாக்டர் வர்றதுக்குள்ள சத்தம் நின்னுடுச்சு. பானை பக்கத்துலயே இருந்துச்சு. நிறைய இருந்துச்சு." எதிர்க் கட்டிலின் விரிப்பைப் பார்த்தார். "டீச்சர் அழுதுட்டே வந்து, படுக்கைய நல்லா விரிச்சிருக்கேடான்னு சொன்னாங்க."

அவர் மறுபடி வாயை மூடிக்கொண்டார். அவளுக்கு அழுகை பொங்கியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது உங்கள் தப்பில்லை என்று சொல்லலாம். பதினோரு வயசில் அவரிடம் யாராவது சொல்லியிருக்கவேண்டியது. இப்போது சொன்னால் அவர் காதில் ஏறாது, இத்தனை வருஷம் அவரே சொல்லிப் பார்த்திருக்கமாட்டாரா? ஜன்னலில் வெயில் சாய ஆரம்பித்திருந்தது. மாமா இந்நேரம் கடையைச் சாத்திக்கொண்டிருப்பார்.

அவள் எழுந்து இரண்டு கட்டிலுக்கும் நடுவில் இருந்த ஸ்டூலில் சொம்பையும் டம்ளரையும் தாத்தாவின் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தாள். எதிர்க் கட்டிலில் போய்ப் படுத்தாள். படுத்ததும் முதுகு சிலிர்த்தது. விரிப்பு சூடாக இருந்தது, யாரோ அந்த நிமிஷம்தான் எழுந்துபோன மாதிரி. வெயில் அந்தப் பக்கம் வருவதே இல்லை. எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. தலையணைக்குக் கொஞ்சம் கீழே தலையை இறக்கிக்கொண்டு, முழங்காலை மடக்கிச் சின்னதாகச் சுருண்டாள். என்ன சொல்லவேண்டும், எப்படிச் சொல்லவேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் வந்த குரல் ஒத்திகை பார்த்த குரல் இல்லை. அவளுடைய தொண்டையே இல்லை போலிருந்தது, அவ்வளவு வறண்டு, அவ்வளவு சின்னதாக வந்தது.

"அம்மா. தண்ணி."

தாத்தாவின் கட்டில் கிரீச்சிட்டது. ஒரு கால் தரையைத் தேய்த்தது, அப்புறம் இன்னொரு கால். விழுந்துவிடப்போகிறார், பிடி பிடி என்று உள்ளே இருந்த நர்ஸ் கத்தினாள். அவள் விரிப்பை இறுகப் பற்றிக்கொண்டு அசையாமல் கிடந்தாள். சொம்பு டம்ளரில் இடிபடும் சத்தம், தண்ணீர் தரையில் கொட்டும் சத்தம், பெரிய பெரிய மூச்சு. அவளுடைய கட்டில் விளிம்பு அமுங்கியது. எலும்பும் தோலுமான ஒரு கை அவள் பிடரிக்கடியில் நுழைந்து, தலையைத் தூக்கி நிறுத்தியது. டம்ளரின் விளிம்பு பல்லில் மோதியது.

அவள் குடித்தாள். பாதி வாய்க்குள் போனது, பாதி காதோரமாக வழிந்து தலையணைக்குப் போனது. அவர் முகம் வெகு பக்கத்தில் இருந்தது. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், கண்கொட்டாமல். அவள் ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் அவருடைய தொண்டையும் ஏறி இறங்கியது. டம்ளர் காலியானதும் அதைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"இன்னும் வேணுமா கண்ணு?"

தலையை எந்தப் பக்கம் ஆட்டினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வாசலில் கார் வந்து நின்றது. ஹாரன் சத்தமும், "வந்துட்டான் பாரு" என்று அம்மா எழுந்து போகும் சத்தமும் கேட்டன. தாத்தாவுக்கு எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. சொம்பைச் சாய்த்து மறுபடி ஊற்றினார், டம்ளர் நிரம்பி விரல்களில் வழிந்தும் ஊற்றினார். பிறகு அதைத் தூக்கினார். நாக்கு வெளியே வந்து உதட்டைத் தொட்டது. தளும்பும் டம்ளர் இரண்டு பேருடைய வாய்க்கும் நடுவில், எந்தப் பக்கமும் போகாமல் நடுங்கிக்கொண்டு நின்றது.