இரண்டு பலகைகள்

ஆபரேட்டரம்மாவும் சர்வேயரும் சிநேகமானது சர்க்கரை நோய் கிளினிக்கில், கால் கட்டு மாற்றக் காத்திருக்கும் பெஞ்சில். இருவருக்கும் வலது கால், இருவருக்கும் ஆறாத புண். "எறும்பு மொய்க்காததுதான் பாக்கி," என்றார் அவர். அவள் சிரித்துவிட்டாள். கணவர் போன பிறகு அந்தச் சிரிப்புக்கு வேலையே இல்லாமல் இருந்தது.

இப்போது சர்வேயரால் படி இறங்க முடிவதில்லை. அதனால் செஸ் ஃபோனில் நடக்கிறது. அவர் வீட்டில் ஒரு பலகை, இவள் வீட்டில் ஒரு பலகை. மத்தியானம் மணி அடிக்கும். அவர் கட்டத்தைச் சொல்வார். இவள் அவர் காயை நகர்த்திவிட்டுத் தன் ஆட்டத்தைச் சொல்வாள். நாலைந்து நகர்த்தலோடு நிறுத்திவிட்டு மீதியை மறுநாளுக்கு வைப்பார்கள். எதையும் எழுதிவைப்பதில்லை என்று ஒப்பந்தம். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலையில் ஊரின் பாதி நம்பர்களை மனப்பாடமாக வைத்திருந்தவள் அவள். நிலத்தைக் கண்ணாலேயே அளந்தவர் அவர். எழுதிவைத்து ஆடினால் கௌரவம் என்னாவது? இந்தத் திமிருக்கு மட்டும் மாத்திரை கிடையாது.

அந்த மாதம் புண்ணைப் பார்த்த டாக்டர், பேச்சை வேறு பக்கம் திருப்பினாள்.

"மறதி ஏதாவது இருக்காம்மா? சர்க்கரை ரொம்ப வருஷமா இருந்தா உடம்புக்குள்ள அழற்சி தணியாமலே இருக்கும். சிலருக்கு அது மூளையையும் கொஞ்சம் கொஞ்சமா பாதிக்கலாம். எல்லாருக்கும் இல்ல. ஒரு டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாமா?"

"நான் தினமும் செஸ் ஆடறேன் டாக்டர். இப்பல்லாம் நான்தான் ஜெயிக்கறேன்," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

தொலைவில் இருக்கும் மகளிடமும் ஃபோனில் அதையே பெருமையாகச் சொன்னாள். "பாவம்னு அவர் விட்டுக்குடுக்கறாரோ என்னமோம்மா," என்று மகள் சிரித்தாள். வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அம்மாவுக்குச் சுருக்கென்றது. தன் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்த வெற்றிகள்தான்.

மறுநாள் பரீட்சை வைத்தாள். தன் ராணியை அவருடைய யானைக்கு நேர் எதிரே, காவலில்லாமல் கொண்டுபோய் நிறுத்தினாள். வெட்டினால் நேர்மையாக ஆடுகிறார். வெட்டாவிட்டால் இத்தனை நாளும் இரக்கப்பட்டிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான் இது.

"ராணி, டி அஞ்சு."

ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்ன சார், தூங்கிட்டீங்களா?"

"எந்த ராணிம்மா?"

"என்னோட ராணிதான்."

"உங்க ராணி முந்தாநாளே போயிடுச்சே. என் குதிரை வெட்டிச்சு. நீங்ககூட ஐயோன்னீங்க."

அவள் பலகையைப் பார்த்தாள். ராணி நின்றுகொண்டிருந்தது. முந்தாநாளை நினைத்துப் பார்த்தாள். மழை பெய்தது ஞாபகம் வந்தது, கட்டு நனைந்தது ஞாபகம் வந்தது. ஆட்டம் மட்டும் வரவில்லை.

"உங்க யானை எங்க சார் இருக்கு?"

அவர் ஒரு கட்டத்தைச் சொன்னார். இவள் பலகையில் அங்கே இவளுடைய சிப்பாய் இருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் அவள் ஜெயித்தது எந்தப் பலகையில்? எது சரி, எது தப்பு என்று சொல்ல மூன்றாவது ஆள் இல்லை.

"ஆபரேட்டரம்மா," என்றார் அவர். குரல் இறங்கியிருந்தது. "நான்தான் தப்பா வெச்சிட்டேனா? கொஞ்ச நாளாவே எனக்கு..."

அவர் முடிக்கவில்லை. டாக்டர் அறையில் அவளை எழுந்து ஓட வைத்த அதே பயம் அந்தக் குரலில் இருந்தது. அவருக்குத்தான் புத்தி தவறுகிறது என்றால் அவர் இவளை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறார். இவளுக்கு என்றால் இவள் போகிறாள். எப்படிப் பார்த்தாலும் மிஞ்சுவது ஒருவர்தான்.

"இல்ல சார். நீங்க சொல்றதுதான் சரி. குதிரை வெட்டிச்சு. நான்தான் மறந்துட்டேன்."

"அப்பாடா," என்றார். அவர் மூச்சு விடுவது ஃபோனில் கேட்டது. "பயந்தே போயிட்டேன். சரி, ஆடுங்க."

அவள் ராணியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தாள். அவரைத் தேற்றச் சொன்ன பொய்யா, இல்லை நடந்ததே அதுதானா என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆபரேட்டரம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்," என்றாள்.