காலை இறக்கச் சொல்லாத கட்டுரை

மனுஷன் தன் உடம்பைத் தானே அறிந்துகொள்ள விலை நாற்பது ரூபாய், தபால் செலவு தனி. பழைய இதழ் ஒன்றின் அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது. இசக்கிதுரை அதை இரண்டு தடவை படித்தார். சரக்குக்கு விலை ரொம்பக் கம்மி, அதனால்தான் கடையைச் சாத்திவிட்டார்கள் என்று முடிவுகட்டினார்.

தாராவி தொண்ணூறடி ரோட்டில் அவருடைய அச்சகம். கல்யாணக் கார்டு, கோயில் கொடை நோட்டீஸ், ஓட்டல் மெனு என்று எது வந்தாலும் அடிப்பார். ஆராய்ச்சி இதழ் வந்தது இதுதான் முதல் தடவை. கொண்டுவந்தவர் செம்பூர் பானுமதி டீச்சர். உடம்பு அசையும் விதத்தைக் கவனிக்கப் பழக்கி, அதன் வழியாக மனசையும் இளக்குகிற பாடம் அவருடையது. அதற்கென்று நடந்த ‘மெய்யசைவு’ ஆய்விதழ் பத்தொன்பது இதழ்களோடு நின்று பதினோரு வருஷம் ஆகிவிட்டது. இருபதாவதை எப்படியும் கொண்டுவர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில், இதழை நடத்துகிற சங்கத்தின் கூட்டம். அன்றைக்கு இதழ் மேசைமேல் இருந்தால் இதழ் நடக்கும். இல்லாவிட்டால் ‘மெய்யசைவு’ என்ற பெயரை, ஆப் நடத்துகிற ஒரு கம்பெனிக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. கம்பெனிக்காரன் பூங்கொத்தே ஆர்டர் பண்ணிவிட்டான் என்று டீச்சர் சொன்னார். அந்த நேரம் பார்த்து விலையை ஏற்றலாமா என்று இசக்கிதுரைக்கு ஒரு யோசனை வந்தது உண்மை. ஆனால் இறக்கித்தான் சொன்னார். ஏன் அப்படிச் செய்தார் என்று அவருக்கே விளங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் டீச்சர் வெளுத்த முகத்தோடு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். இதழுக்கு ஒரு விதி உண்டு. கட்டுரையை இரண்டு பேர் மதிப்பாய்வு செய்து கையெழுத்துப் போட வேண்டும். அதில் உள்ள பயிற்சியைத் தன் உடம்பில் செய்து பார்க்காதவர் வாய் திறக்கக் கூடாது. முதன்மைக் கட்டுரை மாட்டுங்கா சங்கரன் எழுதியது: தரையிலிருந்து சிரமமில்லாமல் எழுந்திருப்பது எப்படி, ஐம்பது தாண்டிய நாற்பத்திரண்டு பேரிடம் ஆய்வு. முதல் கையெழுத்து டீச்சருடையது. இரண்டாவது போட வேண்டியவர் முலுண்டில் மாடிப்படியில் வழுக்கிக் காலில் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். அந்தக் கட்டுரையை எடுத்தால் இதழ் பாதியாகிவிடும்.

வேறு டாக்டர் யாரும் கிடைக்கமாட்டார்களா என்று இசக்கிதுரை கேட்டார். மூன்று நாளில் கிடைக்காது என்றார் டீச்சர். இசக்கிதுரை உள்ளட்டை புரூஃபை எடுத்தார். விதிகளை அச்சுக்கோத்தது அவர்தான். எந்தக் காகிதத்தையும் கையெழுத்துப் போடப்போகிறவன் மாதிரியே படிப்பது அவர் பழக்கம்.

“டீச்சர், இதுல செஞ்சு பார்த்தவர்னுதான் இருக்கு. படிச்ச படிப்பைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.”

சொல்லிவிட்டு மூலையைப் பார்த்தார். அங்கே சண்முகவடிவு தரையில் உட்கார்ந்து கார்டு மடித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வருஷமாக மடிக்கிறாள். எழுந்திருக்கும்போது கட்டிங் மிஷின் காலைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிடுவாள். அவள் கூப்பிடுகிற எண்ணிக்கையை வைத்தே வேலை நேரத்தைச் சொல்லிவிடலாம். டீச்சர் அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். அப்புறம் தன் துப்பட்டாவை எடுத்துத் தரையில் விரித்தார்.

வடிவு மசியவில்லை. கூலி உண்டா என்று கேட்டாள். மதிப்பாய்வுக்குக் கூலி கிடையாது, ஒரு பிரதி இலவசம் என்றார்கள். தாராவியில் பிறந்து இந்தியில் படித்தவள். தமிழ் வாசிக்க வராது. அதை வைத்து நான் பலகாரமா கட்டப்போகிறேன் என்று முனகிக்கொண்டே படுத்தாள்.

இசக்கிதுரை கட்டுரையை வாசித்தார். முழங்காலை மடக்கச் சொன்னார், மடக்கினாள். வலது காலைத் தூக்கி இடது கால்மேல் போடச் சொன்னார், போட்டாள். முழங்கால் இரண்டையும் வலப்பக்கம் சாய்த்து மூச்சைக் கவனிக்க வேண்டும், கவனித்தாள். அடுத்தது, வலப்பக்கம் உருண்டு எழுந்து உட்கார வேண்டும். உருண்டாள். அங்கேயே நின்றுவிட்டது. தப்பாக மடித்த பத்திரிகை மாதிரி கிடந்தாள்.

“எழுந்திரி வடிவு.”

“எப்படி அண்ணாச்சி எழுந்திரிக்க? காலை இறக்கச் சொல்லி இன்னும் வரலியே.”

இசக்கிதுரை பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வரவே இல்லை. காலைப் போடச் சொன்ன கட்டுரை எடுக்கச் சொல்ல மறந்திருந்தது. மடிப்பு வேலையில் சொன்னதற்கு மேல் ஒரு மடிப்பு மடித்தாலும் ஆயிரம் கார்டு வீண். வடிவின் கை கால் எல்லாம் அந்தச் சட்டத்துக்குப் பழகினவை. டீச்சரோ இருபது வருஷப் பழக்கக்காரர். செய்து பார்த்தபோது அவர் கால் யாரும் சொல்லாமலே இறங்கிவிட்டது. தன் உடம்பைக் கவனி என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தார்.

சங்கரனுக்கு போன் போட்டார்கள். நாற்பத்திரண்டு பேர் செய்தார்கள், ஒருத்தரும் மாட்டிக்கொள்ளவில்லை என்று அவர் அடித்துப் பேசினார். அத்தனை பேருக்கும் பக்கத்தில் நின்று நீங்கள் வாயால் சொல்லியிருப்பீர்கள், எழுதினபடி ஒருதரம் செய்து பாருங்கள் என்றார் டீச்சர். போனை வைக்காமலே சங்கரன் தரையில் படுப்பது கேட்டது. பிறகு அவர் மனைவி சுப்புலக்ஷ்மி பேசினார்.

“அவர் இப்போ பேசற நிலைமையில இல்லை. கால் மாட்டிண்டிருக்கு. நீங்களே எழுதிச் சேர்த்துக்கோங்கோ.”

காலை இறக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தார்கள். வடிவு முதலிலிருந்து செய்தாள். இந்தத் தடவை உருண்டாள், உட்கார்ந்தாள், கட்டிங் மிஷின் பக்கம் கையே போகாமல் எழுந்து நின்றாள். முருகனைக் கூப்பிடவில்லை. சந்தேகம் தீராமல் மறுபடி படுத்து எழுந்தாள். மூன்றாவது தடவை எழுந்து, பீரோவில் எதையோ தேடுகிறவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் மதிப்பாய்வுப் படிவத்தைக் கேட்டாள். ஏற்கலாம், திருத்தினால் ஏற்கலாம், வேண்டாம் என்று மூன்று கட்டம். எது எது என்று இசக்கிதுரை சொல்ல, நடுவில் டிக் போட்டு, இந்தியில் கையெழுத்திட்டாள்.

வெள்ளியும் சனியும் மிஷின் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முந்நூறு பிரதி மாட்டுங்கா மேசைமேல் இருந்தது. மதிப்பாய்வாளர் பட்டியலில் டாக்டர் பட்டங்களுக்கு நடுவே ‘சண்முகவடிவு, தாராவி’ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு யாரென்று கேட்டார்கள். டீச்சர் கதையைச் சொன்னார். பாதிக் கூட்டம் தரையில் படுத்துப் பார்த்தது. கம்பெனிக்காரன் பூங்கொத்தைச் சங்கரனுக்குக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான்.

திங்கட்கிழமை டீச்சர் பணத்தோடு வந்தார். அதே பயிற்சியை இடது காலில் தொடங்கிச் செய்வது இரண்டாம் பாகம், அது இருபத்தொன்றாவது இதழில் வரும் என்றார். வடிவு மடிப்பதை நிறுத்திவிட்டு, அது எப்போது என்று கேட்டாள். இசக்கிதுரை பில்லை எழுதி நீட்டினார்:

காகிதம், அச்சு, மடிப்பு: பேசின தொகை. வந்தது.
தள்ளுபடி: டீச்சர் கேட்கவில்லை. கொடுத்தாச்சு.
பிரதி: முந்நூறு. வடிவுக்கு ஒன்று போக, சரி.
பிழை: ஒன்று. திருத்தியாச்சு.
வடிவு கணக்கில் வலது பக்கம்: வரவு.
இடது பக்கம்: பாக்கி.