உப்பில்லாத மாட்டுக்கறி

டயாலிசிஸ் தொடங்கிய ஆறாவது மாதம் கார்குழலியின் ரவிக்கைக் கை தொளதொளவென்று தொங்க ஆரம்பித்தது. புளியந்தோப்புப் பள்ளிக்கூடத்தின் சத்துணவு அடுப்பிலிருந்து சோற்று அண்டாவை ஒற்றை ஆளாய் இறக்கியவள், இப்போது சொம்பைத் தூக்கவே இரண்டு கையும் கொடுத்தாள்.

அவள் வாயைக் கட்டியதுதான் வினையாகிவிட்டது. சிறுநீரகம் பழுது என்று தெரிந்த நாளில் கறி, மீன், பருப்பைக் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தாள். மிஷினில் ஏறிய பிறகு அந்த விதி தலைகீழாகிறது என்பது அவள் மண்டையில் ஏறவே இல்லை. ராயபுரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய டயாலிசிஸ் நிலையத்துக்குப் புதிதாக வந்த உணவு ஆலோசகர் பெனிஷாதான் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“அக்கா, மிஷின் அழுக்கோட சேர்த்துப் புரதச் சத்தையும் கொஞ்சம் இழுத்துட்டுப் போயிரும். இனி முட்டை வெள்ளைக்கரு, மீன், கறி எல்லாம் அளவா சாப்பிடணும். உப்பு, தண்ணி மட்டும் பழையபடி கட்டுப்பாடுதான்.”

“எந்தக் கறிம்மா?”

“கொழுப்பில்லாம எதுவானாலும். வேகவச்ச தண்ணியக் கொட்டிருங்க.”

அவர்கள் வீட்டில் கறி என்றால் மாட்டுக்கறிதான். கொருக்குப்பேட்டை கூட்ஸ் யார்டில் வேலை பார்த்த அவள் கணவன் டில்லிபாபு அடுத்த டயாலிசிஸ் நாளன்று தானே சமைத்தான். சின்னச் சின்னதாய் நறுக்கி, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டி, பூண்டும் மிளகும் தட்டிப் போட்டு வதக்கினான். உப்பு இல்லை.

மிஷினை விட்டு இறங்கினால் அவளுக்குக் குமட்டும். மிஷினில் படுத்திருக்கும்போது, இரண்டாவது மணி நேரத்தில்தான் கொஞ்சம் வாய் கேட்கும். அந்த நேரத்தில் எல்லாரும் கட்டிலிலேயே எதையாவது சாப்பிடுவது அங்கே வழக்கம். டில்லிபாபு டப்பாவைத் திறந்தான்.

பக்கத்துக் கட்டிலில் திருநெல்வேலிப் பக்கத்து வெல்ல மண்டிக்காரர் படுத்திருந்தார். அவர் மனைவி சிவந்தி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “இது என்ன கறி? இங்கன வச்சா சாப்பிடுவாவ?”

“போன வாரம் அண்ணாச்சிக்குக் கோழி கொணாந்தீங்க. நான் மூக்க மூடிகினேனாக்கா?” என்றாள் கார்குழலி.

“கோழியும் இதுவும் ஒண்ணாம்மா?”

“மிஷினுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

சிவந்தி எழுந்து போய் நிர்வாகி கருணாகரனை அழைத்துவந்தாள். அவர் குரலை உயர்த்தவில்லை.

“இது நாலு பேர் இருக்கிற இடம்மா. இந்தக் கறியெல்லாம் வீட்டோட வச்சுக்கங்க. உங்களுக்கு இலவசமா இடம் குடுத்திருக்கோம். வெளியே இருபது பேர் காத்திருக்காங்க, ஞாபகம் இருக்கட்டும்.”

டில்லிபாபு மூடியைத் தேடினான். “வுட்டுரும்மே. முட்டைய துன்னுக்கலாம்.”

கார்குழலிக்கும் பயம் இருந்தது. மிஷின் இல்லாமல் நாலு நாள் போனால் தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி மூச்சு எப்படி முட்டும் என்பதை ஒருமுறை பட்டு அறிந்தவள் அவள். ஆனாலும் ஊசி குத்தாத கையை நீட்டி, டப்பாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

“சார், ஒரு பேப்பர் எடுங்க. மாட்டுக்கறி துன்னதால கார்குழலிக்கு மிஷின் கெடையாதுன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. பத்து வருசமா புள்ளைங்களுக்கு முட்ட எண்ணிப் போட்டு, கணக்குல கையெழுத்து வெச்சிகினு கீறேன். யாரு இன்னா துன்னணும்னு சொல்றவங்க கையெழுத்து போட்டுத்தான் சொல்லணும்.”

“நான் அப்படிச் சொல்லலயே.”

“அப்ப இன்னா சொன்னீங்க?”

கார்குழலி சாப்பிட ஆரம்பித்தாள். உப்பில்லாத கறி தக்கையைப் போலிருந்தது. தாடை வலிக்க வலிக்க மென்று, அரை மணி நேரத்தில் டப்பாவைக் காலி செய்தாள். அதற்குள் கருணாகரன் போய்விட்டிருந்தார்.

பெனிஷா வந்ததும், நிலையத்தில் கொடுத்திருந்த அச்சடித்த உணவுத் தாளைக் கார்குழலி அவளிடம் நீட்டினாள். அதில் கோழியும் மீனும் மட்டும் இருந்தன.

“நீ வாயால சொன்னது பத்தாதும்மா. எங்க கறியையும் எழுதிக் குடு.”

பெனிஷா நிர்வாகியின் அறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு பேனாவை எடுத்து, ‘மாட்டுக்கறி, கொழுப்பு நீக்கி, வேகவைத்த நீரைக் கொட்டியபின், ஐம்பது கிராம்’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.

அடுத்த வாரம் இரண்டு கட்டிலுக்கும் நடுவே துணித் தடுப்பு முளைத்தது. “காத்து வரல, எடுத்துடும்மா” என்று நர்ஸிடம் சொன்னாள் கார்குழலி. நர்ஸ் எடுத்தாள். சிவந்தி திரும்ப வைக்கச் சொன்னாள். இந்த இழுபறி பல வாரம் நடந்தது. டப்பா மட்டும் ஒரு முறையும் தவறவில்லை. இடமும் பறிபோகவில்லை.

நாலு மாதத்தில் ரத்தத்தில் புரதச் சத்தின் அளவு இரண்டு புள்ளி ஆறிலிருந்து மூன்று புள்ளி மூன்றுக்கு ஏறியது. பெனிஷா சிரித்துக்கொண்டே தாளைக் காட்டினாள்.

“அப்ப வாரத்துல ஒரு நாள் கருவாடு?” என்றாள் கார்குழலி.

“அது கூடவே கூடாது. அத்தனையும் உப்பு.”

“கேட்டு வெச்சேன்.”