கணக்கு சாரின் வெறும் வயிறு

ஆய்வுக்கூடத்தில் அவருக்குக் 'கணக்கு' என்றுதான் பெயர். புள்ளிவிவரம் பார்க்கிற மனுஷன். ஊரார் கொண்டுவரும் எண்களில் தசமப் புள்ளி பிசகினால்கூடக் கண்டுபிடித்துவிடுவார். சொந்த விஷயம் என்று வந்தால் மட்டும் கோட்டை விட்டுவிடுவார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்தக் கூடத்தின் வேலை இது. விரல் நீளக் கண்ணாடிச் சில்லு. அதில் பல்லாயிரம் பொட்டுகள், மரபணுவுக்கு ஒன்றாக. ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மரபணுச் சரக்குக்குச் சாயம் ஏற்றி, சில்லின் மேல் விட்டுக் கழுவினால், மும்முரமாக வேலை செய்யும் மரபணுவின் பொட்டு பளிச்சென்று மின்னும். சோம்பிக் கிடப்பது மங்கலாகத் தெரியும். கேட்பதற்கு என்னவோ சுலபம்தான். ஆனால் ஒரே ஆளின் ரத்தத்தை இரண்டு பேர் பார்த்தால் இரண்டு பதில் வந்தது. இப்படி ஆளுக்கு ஒன்று சொன்னால் எந்த நோயாளி நம்புவான்?

அந்த இரண்டு பேர் யார் என்பதில்தான் வம்பே. ஒருத்தி கணக்கின் அக்கா. இன்னொருத்தி கணக்கின் மனைவி.

இரண்டு பேரும் கெட்டிக்காரிகள். சில்லைக் கழுவுவதில் இருவருக்கும் ஈடு கிடையாது. ஆனால் அக்கா எடுத்த ரத்தத்தை மனைவி தொடமாட்டாள், மனைவி எடுத்ததை அக்கா திரும்பியும் பார்க்கமாட்டாள். சோதனைக்கு ரத்தம் கொடுக்கக் கணக்கேதான் முன்வந்தார். புதன்கிழமைதோறும் வெறும் வயிற்றோடு வர வேண்டும். எட்டு மணிக்கு அக்கா ஒரு குழாய் எடுப்பாள், ஒன்பதரைக்கு மனைவி இன்னொரு குழாய் எடுப்பாள். ஒரே குழாயில் எடுத்துப் பாதிப் பாதியாகப் பிரித்திருந்தால் தீர்ந்தது. அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. குடும்ப அமைதிக்காக விட்டுக்கொடுத்தாராம். விஞ்ஞானத்தை விட்டுக்கொடுத்ததுதான் மிச்சம்.

ஆறு புதன் முடிந்தது. மொத்தமாகக் கூட்டிப் பார்த்தால் எண்கள் ஒட்டவேயில்லை. இருநூற்றுச் சொச்சம் மரபணுக்கள் மனைவியின் சில்லில் மின்னின, அக்காவின் சில்லில் மங்கின.

கூடத்துத் தலைவியை எல்லோரும் மேடம் என்பார்கள். அதிகம் பேசமாட்டார். அவர் கணக்கைக் கூப்பிட்டு, "ரெண்டு கையும் ஒத்துப்போகலன்னா ஒரு கையத்தான் வெச்சுக்க முடியும். இன்னொருத்தரோட ஒப்பந்தத்தப் புதுப்பிக்க மாட்டேன். யாரோட கை சரின்னு வெள்ளிக்கிழமை நீங்களே சொல்லுங்க" என்றார்.

யாரைச் சொன்னாலும் அவர் கதி அதோகதி.

சேதி அதற்குள் இரண்டு பெண்களின் காதுக்கும் எட்டிவிட்டது. வியாழன் மத்தியானம் அக்கா வழிமறித்தாள். "தம்பி, நான் யாரையும் குறை சொல்லல. உன் பொண்டாட்டி கொஞ்சம் அவசரக்காரி. அவ்வளவுதான்."

சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பேருந்தில் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பேசினாள். "என்னங்க, அண்ணிக்கு வயசாகுது, கண்ணு மங்குதோ என்னமோ. நான் எதுவும் சொல்லல."

இரண்டு பேருமே எதுவும் சொல்லவில்லை, பாருங்கள்.

வெள்ளிக்கிழமை மேடத்தின் அறையில் நான்கு நாற்காலிகள். அக்காவும் மனைவியும் ஆளுக்கொரு மூலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கணக்கு தன் வரைபடங்களைப் பரப்பி, அது இது என்று பூசி மெழுக ஆரம்பித்தார். சராசரியைச் சமன்படுத்திப் பார்க்கலாம் என்றார். சாயத்தை மாற்றிப் பார்க்கலாம் என்றார். மேடம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு தாளை மட்டும் இழுத்து வைத்துக்கொண்டார்.

"உங்க மனைவியோட சில்லு ஆறுல அஞ்சு ஒண்ணுக்கொண்ணு அப்படியே ஒத்துப்போகுது. கை சரியில்லன்னா வாரத்துக்கு ஒரு விதமாத் தப்பு வரணும். ஒரே தப்பு எப்படி அஞ்சு தடவை வரும்?"

கணக்கு தாளை எட்டிப் பார்த்தார்.

"அந்த ஆறாவது எதுன்னு பாத்தீங்களா? நாலாவது புதன். அன்னிக்கு மட்டும் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லியிருக்காங்க. அன்னிக்கு என்ன நடந்தது?"

நாலாவது புதன் என்ன நடந்தது என்று கணக்குக்கு நன்றாகத் தெரியும். அன்றைக்கு பேக்கரி மூடியிருந்தது.

மற்ற ஐந்து புதன்களிலும் நடந்தது இதுதான். ரத்தம் எடுத்த கையோடு, 'ராத்திரியிலிருந்து பட்டினி, பாவம் என் தம்பி' என்று அக்கா உடைமாற்றும் அறைப் பக்கம் கூட்டிப்போய் ஒரு கிரீம் பன் நீட்டுவாள். 'உன் பொண்டாட்டிகிட்டச் சொல்லாத' என்பாள். அவரும் இரண்டு வாய்தானே என்று முழுசையும் முழுங்கிவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, ஒன்பதரைக்கு மனைவியின் முன்னால் கையை நீட்டி, "வெறும் வயிறுதான்" என்பார். ஒரு பன்னுக்கு ரத்தம் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது என்று நினைத்தாராம். இத்தனைக்கும் இனிப்புப் பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மேடம் அந்த இருநூறு மரபணுக்களின் பட்டியலை எடுத்தார். "பாதிக்கு மேல சாப்பாடு வந்தா முழிச்சுக்கிறதுங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி கணக்கையே பார்த்தாள். தன் வேலை போய்விடுமோ என்று இரண்டு ராத்திரி தூங்காத கண்கள் அவை. அதைப் பார்த்ததும் கணக்குக்கு மனசே ஆறவில்லை. இத்தனை வாரம் அவள் கையைச் சந்தேகப்பட வைத்தது தன் வாய்தான் என்று வெட்கமாக இருந்தது. சும்மா இருந்தால் இவள் வேலை போகும், சொன்னால் மானம் போகும். மானம் போனால் போகட்டும் என்று எழுந்து நின்றார்.

"ரெண்டு கையும் சரி மேடம். வயிறுதான் தப்பு."

பன் கதை முழுவதும் வெளியே வந்தது. மேடம் சிரிப்பை அடக்க மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அக்கா கீழே பார்த்துக்கொண்டு, "நானே குழி பறிச்சிருக்கேன், தாயி. மன்னிச்சுக்கோ" என்றாள். "நீங்க என்ன பண்ணுவீங்க அண்ணி, இவரு அப்படிப் பரிதாபமா மூஞ்சிய வெச்சிருப்பாரு" என்றாள் மனைவி.

அடுத்த புதன் ஒரே குழாய். மனைவி கையைப் பிடித்துக்கொண்டாள், அக்கா ஊசி குத்தினாள். முந்தின ராத்திரியிலிருந்து இரண்டு பேரும் முறை வைத்து அவரைக் காவல் காத்திருந்தார்கள். ரத்தத்தை இரண்டாகப் பிரித்து ஆளுக்கொரு பாதி எடுத்துப் போனார்கள். எண்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு ஒத்துப்போயின. மேடம் இரண்டு ஒப்பந்தங்களிலும் கையெழுத்துப் போட்டார்.

கணக்குக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தோடு தாளை வாங்கிப் பார்த்தார். சர்க்கரை சம்பந்தப்பட்ட மரபணுக்கள் நிஜமான வெறும் வயிற்றிலும் தாறுமாறாகக் கிடந்தன. அக்காவின் சில்லிலும் அப்படியே, மனைவியின் சில்லிலும் அப்படியே.

இத்தனை வருஷம் மனைவி இனிப்பு கூடாது என்பாள், அக்கா ஒன்று சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்பாள். அந்த இரண்டு பதிலுக்கும் நடுவில்தான் அவர் பன் தின்று வந்தார். இப்போது நம்பகமான அளவு வந்துவிட்டது.

"மேடம், இந்த முறையும் எங்கயோ பிழை இருக்கும்போலத் தெரியுது" என்றார் மெல்ல.

"இல்லடா" என்றாள் அக்கா.

"இல்லங்க" என்றாள் மனைவி, அதே நேரத்தில்.